அந்த விமானம் ஏன் ஒரு மணி நேரம் சுற்றியது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் முதல் பக்கத்தில் வந்த விமானச் செய்தி பற்றி இதை எழுதுகிறேன். கிளம்பிய சில நிமிடங்களிலேயே ஒரு பயணிகள் விமானத்தின் வழிகாட்டும் கருவிகள் செயலிழந்தன. ஒரு மணி நேரத்துக்கு மேல் வானில் வட்டமடித்துவிட்டு அதே விமான நிலையத்தில் இறங்கியது. செய்தி இவ்வளவுதான். தலைப்போ, 'நடுவானில் தத்தளித்த விமானம்: நூலிழையில் உயிர் தப்பிய பயணிகள்'. பக்கத்திலேயே ஒரு பெட்டிச் செய்தி, அதில் மூன்று கேள்விகள். பழுதான கருவியோடு ஏன் கிளம்பினார்கள்? ஓடுபாதையிலேயே நிறுத்தியிருக்கக் கூடாதா? உடனே இறங்காமல் எதற்கு ஒரு மணி நேரம் சுற்றினார்கள்?

நான் விமானி இல்லை. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரும்பகுதிக் காலம் புறப்பாட்டு ரேடாரில்தான் இருந்தேன். அதாவது, ஓடுபாதையை விட்டு எழும் விமானத்தை டவர்காரரிடமிருந்து வாங்கி, மேலே ஏற்றி, அடுத்த ஆளிடம் ஒப்படைக்கும் வேலை. அதனால் இந்த மாதிரிச் சமயங்களில் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது காதில் விழுந்து பழக்கம். உங்கள் மூன்று கேள்விகளும் நியாயமானவைதான். கேட்டிருக்கும் தொனிதான் இடிக்கிறது. கடிதம் கொஞ்சம் நீளும். வெட்ட வேண்டியிருந்தால் நடுவில் வெட்டுங்கள், கடைசிப் பகுதியில் கை வைக்காதீர்கள்.

முதலில் அந்த 'தத்தளித்த'. உங்கள் செய்தியில் இருக்கும் விவரப்படியே பார்த்தாலும் எஞ்சின் இரண்டும் ஓடின, இறக்கையும் வாலும் சொன்னபடி கேட்டன, வேகமானியும் உயரமானியும் சரியாக இருந்தன. விமானம் நன்றாகத்தான் பறந்திருக்கிறது. தான் எங்கே இருக்கிறோம் என்பதுதான் அதற்குச் சரியாகத் தெரியவில்லை. தரைக்கு அருகில் அது சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கென்று வழிமுறைகள் இருக்கின்றன, அவற்றைப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தவர்கள்தான் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வழிகாட்டும் கருவி என்று ஒற்றைப் பெட்டி எதுவும் விமானத்தில் கிடையாது. வெளியிலிருந்து எந்தத் தகவலும் இல்லாமல், தன் அசைவை மட்டும் அளந்து இடத்தைக் கணக்கிடும் நிலைமக் கருவி ஒன்று; பெரிய விமானங்களில் இது மூன்று இருக்கும். ஜி.பி.எஸ். ஒன்று. தரையிலுள்ள, திசை சொல்லும் வி.ஓ.ஆர்., தூரம் சொல்லும் டி.எம்.இ. நிலையங்களைக் கேட்கும் ரேடியோக்கள். இவை தருவதையெல்லாம் சேர்த்துப் பாதையை வரையும் கணினி. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணாடிச் சட்டத்தில் மின்சாரம்கூடத் தேவைப்படாத ஒரு சாதாரணக் காந்தத் திசைகாட்டி. எது போனது என்பதைப் பொறுத்து அடுத்த வேலை மாறும். உங்கள் நிருபர் எது போனது என்று கேட்டதாகத் தெரியவில்லை.

'பழுதோடு ஏன் கிளம்பினார்கள்' என்பதற்குச் சுருக்கமான பதில் போதும். எந்தெந்தக் கருவி வேலை செய்யாவிட்டால் கிளம்பலாம், என்ன நிபந்தனையோடு கிளம்பலாம் என்று ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பட்டியல் உண்டு. குறைந்தபட்சக் கருவிப் பட்டியல் என்பார்கள். பழுதின் வகையைப் பொறுத்து மூன்று நாளில், பத்து நாளில், அதிகபட்சம் 120 நாளில் சரிசெய்தாக வேண்டும் என்று கெடுவும் அதிலேயே இருக்கும். இந்தப் பட்டியலுக்கு வெளியே எவரும் கிளம்பக் கூடாது. அப்புறம், வழிகாட்டும் கருவிகளில் பல பழுதுகள் விமானம் நின்றுகொண்டிருக்கும்போது தலைகாட்டவே காட்டாது.

இரண்டாவது கேள்விதான் விரிவாகப் பேச வேண்டியது. ஓடுபாதையில் ஓடத் தொடங்கிவிட்ட விமானத்தை நிறுத்துவது கார் பிரேக் போடுகிற காரியமில்லை. டேக்-ஆஃப் ஓட்டத்தை விமானிகள் மனதுக்குள் இரண்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். குறைந்த வேகத்தில், அதாவது விமானத்தின் வகையைப் பொறுத்து 80 அல்லது 100 நாட் (மணிக்குச் சுமார் 150 அல்லது 185 கிலோமீட்டர்) வரை, சந்தேகம் வந்தாலே நிறுத்தலாம். அதைத் தாண்டியபின் காரணங்கள் மிகச் சில: எஞ்சின் தீப்பிடிப்பது, எஞ்சின் நின்றுபோவது, முன்னால் காற்று வெட்டு (காற்றின் வேகமும் திசையும் திடீரென்று மாறுவது) இருப்பதாக எச்சரிக்கை, விமானம் பறக்குமா என்பதே சந்தேகம். வழிகாட்டும் திரையில் ஒரு கோடு காணாமல் போவது இந்தப் பட்டியலில் இல்லை. எழுபது டன் எடையை முழு வேகத்தில் நிறுத்தப் போனால் டயர் வெடிக்கும், பிரேக் பழுத்துச் சிவக்கும், ஓடுபாதையின் விளிம்பைத் தாண்டும் ஆபத்தும் உண்டு. மேலே போய் யோசிக்க நேரம் இருக்கிறது, கீழே இல்லை. ஆகவே நூற்றிருபது நாட் வேகத்தில் எச்சரிக்கை வந்தால், எழுப்பிக்கொண்டு போவதுதான் சரியான முடிவு. 'ஓடுபாதையிலேயே நிறுத்தியிருக்கலாமே' என்ற கேள்வியை அந்த விமானியிடம் இனி யாரும் கேட்க வேண்டாம்.

எழுந்த பிறகு? அங்கேதான் எங்கள் ஆட்கள் வருகிறார்கள். விமானிகளுக்கு முதல் நாளிலிருந்து சொல்லித்தரும் வரிசை ஒன்று உண்டு: முதலில் பறக்க வை, பிறகு வழியைப் பார், அப்புறம் பேசு. மூக்கு எவ்வளவு தூக்கியிருக்க வேண்டும், எஞ்சின் விசை எவ்வளவு இருக்க வேண்டும் என்பது கையில் வந்தபின்தான் திரையில் என்ன போனது என்று பார்ப்பார்கள். அந்த முதல் அரை நிமிடத்தில் ரேடியோவில் மௌனம் இருந்தால், அனுபவமுள்ள கட்டுப்பாட்டாளர் அதைக் குலைக்க மாட்டார்.

ஆனால் அந்த மௌனம் நீளவும் கூடாது. பெரிய விமான நிலையங்களில் புறப்படும் விமானம் வரையப்பட்ட ஒரு பாதையில்தான் போகும். இன்ன இடத்தில் இடது, இன்ன உயரத்துக்குக் கீழே வலது கிடையாது என்று எல்லாம் எழுதி வைத்திருக்கும். ஜி.பி.எஸ். காலத்துப் பாதைகளில் விமானம் கோட்டிலிருந்து ஒரு கடல் மைலுக்குள் (சுமார் 1.85 கிலோமீட்டர்), பறக்கும் நேரத்தில் 95 சதவீதமாவது, இருந்தாக வேண்டும். பாதை இவ்வளவு ஒடுக்கமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பக்கத்து ஓடுபாதையிலிருந்து இன்னொரு விமானம் ஏறிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் மலை இருக்கும். அந்தப் பாதையை வரைந்தவர், விமானம் ஒவ்வொரு கடல் மைலுக்கும் சுமார் 200 அடி ஏறும் என்று வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் மேடு பள்ளங்களைத்தான் கணக்குப் பார்த்திருக்கிறார். கோட்டை விட்டு விலகினால் அந்தக் கணக்கு செல்லாது.

கட்டுப்பாட்டாளருக்கும் இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. வெளியில் அதிகம் தெரியாத விஷயம் இது. விமானி தன் கருவியைப் பார்த்துத் தானே வழி போகும்வரை, மலையில் இடிக்காமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. 'இந்தத் திசையில் திரும்புங்கள்' என்று ரேடாரைப் பார்த்து நான் ஒரு ஹெட்டிங் கொடுத்துவிட்டால், அந்த நொடியிலிருந்து மலை என் பொறுப்பு. அதனாலேயே ஒவ்வொரு பகுதிக்கும் இவ்வளவு உயரத்துக்குக் கீழே இருக்கும் விமானத்தைத் திருப்பக் கூடாது என்று எங்கள் திரையில் ஒரு வரைபடம் இருக்கும். இப்போதுதான் எழுந்த விமானம் அந்த உயரத்தை இன்னும் எட்டியிருக்காது. விமானி உதவி கேட்கிறார், நானோ அவரை உடனே திருப்ப முடியாது. 'நேராகவே ஏறிக்கொண்டிருங்கள், உயரம் வந்ததும் திருப்புகிறேன்' என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு நிமிடத்துக்குள் மற்றவர்களை அவர் வழியிலிருந்து ஒதுக்க வேண்டும்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மேகம் தாழ்ந்து கிடந்த மாலை நேரம். நடுத்தர அளவு விமானம் ஒன்று எழுந்து என் அலைவரிசைக்கு வந்தது. இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் கொஞ்சம் வலதுபக்கமாகவே சாய்ந்து போனது. கேட்பதற்கு வாயெடுத்தேன், அதற்குள் அவரே பேசினார். 'அனேபிள் ஆர்நாவ், கருவி பழுது. இப்போதைய திசையில் ஏறுகிறேன். ஹெட்டிங் கொடுங்கள்.' குரலில் எந்த அவசரமும் இல்லை. வரையப்பட்ட பாதையில் என்னால் போக முடியவில்லை என்பதை உலகம் முழுக்க விமானிகள் சொல்லும் முறைதான் அந்த 'அனேபிள் ஆர்நாவ்'.

பக்கத்தில் இருந்தவர் டவரை அழைத்து அடுத்த புறப்பாட்டை நிறுத்தச் சொன்னார். வந்துகொண்டிருந்த ஒன்றை நான் அப்படியே அதே உயரத்தில் பிடித்து வைத்தேன். இவர் உயரம் வந்ததும், 'இடது திரும்பி 270' என்றேன், அதாவது 270 டிகிரி, மேற்கு. திரும்பினார். ஆனால் என் திரையில் அவர் போன திசைக்கும் நான் கொடுத்ததற்கும் ஒத்துவரவில்லை. காற்று காரணமாக இருக்கலாம், ஆனால் அவ்வளவு காற்று அன்று இல்லை. அவருடைய திசை காட்டும் கருவியே தவறாகக் காட்டுகிறது என்று அப்போது இருவருக்கும் புரிந்தது.

இதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. எண்ணே கொடுக்க மாட்டோம். 'இனி எல்லாத் திருப்பமும் ஒரே சீரான வேகத்தில், நொடிக்கு மூன்று டிகிரி. நான் சொன்ன உடனே செய்யுங்கள்' என்று முன்கூட்டிச் சொல்லிவிடுவோம். அப்புறம், 'இப்போது இடது திரும்புங்கள்'. திரையில் விமானம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, 'இப்போது நிறுத்துங்கள்'. அவ்வளவுதான். முழு வட்டம் அடிக்க இரண்டு நிமிடம் ஆகும் வேகம் அது என்பதால் எங்கே நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று கணக்குப் போட முடியும். திரை ஒவ்வொரு சில நொடிக்கும்தான் புதுப்பிக்கும், அதற்கும் சேர்த்துக் கொஞ்சம் முன்னாலேயே 'நிறுத்துங்கள்' சொல்ல வேண்டும். பயிற்சிக் கூடத்தில் சலிப்பாக இருக்கும் பாடம் இது. அன்று அந்த விமானத்தை இப்படியே பிடித்து, மேகத்துக்குக் கீழே ஓடுபாதை தெரியும் இடம்வரை கொண்டுவந்து விட்டோம். 'தெரிகிறது, நன்றி' என்றார், டவருக்கு மாற்றினேன். செய்தித்தாளில் வரவில்லை, வருவதற்கு அதில் எதுவும் இல்லை. அவர் முதல் நிமிடத்திலேயே வாய் திறந்ததுதான் அதற்குக் காரணம்.

வாய் திறக்காமல், பழுதைச் சரிசெய்யும் முயற்சியில் இறங்கினால் என்ன ஆகும்? 2015 மார்ச் 10 அன்று சிட்னியில் நடந்ததை ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் விசாரித்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. கோலாலம்பூர் போக வேண்டிய ஏர்பஸ் ஏ330. வழக்கமாக வெளியே விமானத்தைச் சுற்றிப் பார்க்கும் வேலை கேப்டனுடையது, காக்பிட்டைத் தயார்செய்வது துணை விமானியுடையது. அன்று கேப்டனுக்கான காதுப் பாதுகாப்புக் கவசம் இல்லை. அதனால் வேலையை மாற்றிக்கொண்டார்கள். கேப்டன் விமானம் நிற்கும் இடத்தின் தீர்க்கரேகையைக் கையால் தட்டினார். 151 டிகிரி 9.8 நிமிடம் என்று வர வேண்டியது, 15 டிகிரி 19.8 நிமிடம் என்று பதிவானது. ஒரு இலக்கம் இடம் மாறியதில் விமானம் தன்னைக் கேப் டவுனுக்கு மேற்கே கடலில் இருப்பதாக நினைத்துக்கொண்டது. பிழை 11,000 கிலோமீட்டருக்கும் மேல்.

கிளம்பும் முன்பே எச்சரிக்கைகள் வந்தன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வகையில் கவனத்திலிருந்து நழுவியது. எழுந்ததும் ஆட்டோபைலட்டைப் போட்டார்கள். அது தன் தவறான கணக்கின்படி இடதுபக்கம் திரும்பி, பக்கத்து ஓடுபாதையின் புறப்பாட்டுப் பாதைக்குள் நுழைந்தது. அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பறந்துகொண்டே பழுதைச் சரிசெய்யப் பார்த்தார்கள். கருவிகளை அணைத்துப் போட்டுப் பார்த்ததில் இன்னும் சில வசதிகள் கைவிட்டன. கடைசியில் கண்ணால் பார்த்து இறங்கும் வானிலை இருந்தால்தான் இறங்க முடியும் என்ற நிலை. சிட்னியில் அந்த வானிலை இல்லை. மெல்பர்னுக்குப் போய் இறங்கினார்கள், யாருக்கும் காயமில்லை. ஒரு எண்ணைத் தட்டுவதில் தொடங்கியது, வேறு நகரத்தில் போய் முடிந்தது.

அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நிலைமக் கருவிகளில் ஒரு பகுதியை அணைத்துவிட்டால் மேலே பறக்கும்போது அதை முழுதாக மீட்க முடியாது. விமானம் அசையாமல் தரையில் நின்றிருந்தால்தான் அது தன்னைச் சரியாக நிலைப்படுத்திக்கொள்ளும், பத்து நிமிடம்போல எடுத்துக்கொள்ளும். ஆகவே கிளம்பும்போது வழிகாட்டும் கருவி பிசகினால் அதை நோண்டாமல், மீதமிருப்பதை வைத்துக்கொண்டு கீழே இருப்பவரிடம் கேட்பது நல்லது. கேட்பதை எளிதாக்குவது எங்கள் வேலை. உங்கள் வேலையும்தான், அதற்குப் பிறகு வருகிறேன்.

கீழே இருப்பவருக்கும் எல்லாம் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது. 1996 அக்டோபர் 2, பெருவின் லிமா. போயிங் 757 ஒன்று நள்ளிரவு தாண்டிக் கிளம்பியது. அதைக் கழுவித் துடைத்தவர்கள் காற்றழுத்தத் துளைகளின் மேல் ஒட்டிய பட்டையை எடுக்க மறந்திருந்தார்கள். உயரம், வேகம் இரண்டுமே தாறுமாறாகக் காட்டின. வெளியே இருட்டு, கீழே கடல். விமானிகள் கட்டுப்பாட்டாளரிடம் எங்கள் உயரம் என்ன என்று கேட்டார்கள். அவர் தன் திரையில் இருந்ததைப் படித்துச் சொன்னார். அந்த எண், விமானத்தின் அதே கெட்டுப்போன கருவியிலிருந்து டிரான்ஸ்பாண்டர் (விமானம் தன் உயரத்தைத் தரைக்கு அனுப்பும் கருவி) வழியாக வந்தது என்பது அந்த நேரத்தில் எவருக்கும் உறைக்கவில்லை. உயரமானி 9,700 அடி என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே இறக்கை கடலைத் தொட்டது. 70 பேரும் இறந்தார்கள்.

எங்கள் பயிற்சி வகுப்புகளில் இதை நான் தவறாமல் சொல்வேன். ரேடார் தானாக அளப்பது விமானம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதை. உயரத்தை விமானம் சொல்லித்தான் அது தெரிந்துகொள்கிறது. அதனால் உயரமானி சந்தேகம் என்று ஒருவர் சொன்னால், 'இது உங்கள் விமானம் அனுப்பும் எண்தான், இதை நம்ப வேண்டாம்' என்ற வாக்கியத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தரை வேகத்தை மட்டும் தைரியமாகக் கொடுக்கலாம், அது ரேடார் தானே கணக்கிடுவது.

இப்போது வந்திருக்கும் புதுத் தலைவலியும் இதே வகைதான். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் மிக மெலிந்தது. தரையிலிருந்து யாராவது சத்தம் போட்டால் அமுங்கிவிடும். அமுக்குவது ஒரு வகை. போலிச் சிக்னல் அனுப்பி விமானத்தை வேறெங்கோ இருப்பதாக நம்பவைப்பது இன்னொரு வகை. 2023 இறுதியிலிருந்து இந்தப் போலிச் சிக்னல் பற்றிய புகார்கள் மேற்கு ஆசியப் பகுதியிலிருந்து வரத் தொடங்கின. இடம் மட்டும் இல்லாமல் காக்பிட் கடிகாரமும் மாறிப்போகும், தரை மோதல் எச்சரிக்கைக் கருவி வெட்டவெளியில் 'மேலே இழு' என்று கத்தும். விமானம் தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் ஏ.டி.எஸ்-பி முறையை மட்டும் நம்பியிருக்கும் இடத்தில் கட்டுப்பாட்டாளர் திரையிலும் அதே பொய்தான் தெரியும், ஏனென்றால் அந்த அறிவிப்பும் ஜி.பி.எஸ். சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறது. பழைய ரேடார் இருக்கும் இடத்தில் இந்தத் தொல்லை இல்லை.

2024 ஏப்ரலில் எஸ்தோனியாவின் டார்ட்டு நகருக்குப் போன இரண்டு விமானங்கள் ஜி.பி.எஸ். இடையூறால் இறங்க முடியாமல் ஹெல்சின்கிக்கே திரும்பின. பின்லாந்து விமான நிறுவனமான ஃபின்ஏர் அந்த வழித்தடத்தையே ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. அந்த விமான நிலையத்தில் இறங்குவதற்கான முறை ஜி.பி.எஸ்.ஸை நம்பியே இருந்ததுதான் காரணம். தரை நிலையங்களைக் கொண்டு மாற்று முறை ஏற்பாடானது. செலவு மிச்சம் என்று உலகெங்கும் வி.ஓ.ஆர். நிலையங்களை மூடிக்கொண்டு வருகிறார்கள். அமெரிக்காவிலும் குறைக்கிறார்கள், ஆனால் ஜி.பி.எஸ். இல்லாமல் போனாலும் 100 கடல் மைலுக்குள் இறங்க ஓர் இடம் கிடைக்கும்படி ஒரு குறைந்தபட்ச வலையமைப்பை விட்டு வைக்கிறார்கள். எவ்வளவு மூடலாம் என்பதைக் கணக்கர்கள் மட்டும் முடிவு செய்தால் எனக்கு உறக்கம் வராது.

தரை நிலையம் ஒன்று இல்லாமல் போவது எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு 1983 செப்டம்பர் 1ஆம் தேதிக் கதை ஒன்று போதும். கொரிய விமானம் 007 அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து கிளம்பியபோது அங்கிருந்த வி.ஓ.ஆர். பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. முன்னறிவிப்பு கொடுத்திருந்தார்கள், விமானிகளுக்கும் தெரியும், பெரிய விஷயமாகப் படவில்லை. கிளம்பிய உடனே தன் பாதையைச் சரிபார்க்க வேண்டிய முதல் இடம் அதுதான். ஆட்டோபைலட் திசையைப் பிடித்துக்கொண்டு போகும் நிலையிலேயே இருந்தது. பெத்தெல் என்ற அடுத்த நிலையத்தைக் கடக்கும்போதே சுமார் 12 கடல் மைல் விலகியிருந்தது. விலகல் பெருகிப் பெருகி, சோவியத் எல்லைக்குள் போய்ச் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தார்கள். ஜி.பி.எஸ்.ஸைப் பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் தருவோம் என்று அமெரிக்க அதிபர் ரீகன் அறிவித்ததே இதற்குப் பிறகுதான்.

சரி, மூன்றாவது கேள்வி. ஏன் சுற்றினார்கள்? ஒற்றை இடைவழி கொண்ட ஏ320, போயிங் 737 வகை விமானங்களில் எரிபொருளை வானில் கொட்டும் வசதியே கிடையாது. கிளம்பும்போது எழுபத்தெட்டு டன்வரை இருக்கலாம் என்றால், இறங்கும்போது அதிகபட்சம் அறுபத்தாறு டன்போலத்தான் இருக்க வேண்டும். தீ, புகை என்றால் எடையைப் பார்க்காமல் உடனே இறங்குவார்கள், பிறகு சக்கரங்களையும் உடலையும் பரிசோதித்துக்கொள்வார்கள். வழிகாட்டும் கருவிப் பழுதுக்கு அந்த அவசரம் இல்லை. எரிபொருளை எரித்துக் குறைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் வானிலையைக் கேட்டு, ஐ.எல்.எஸ். (ஓடுபாதைக்கு வழிகாட்டும் தரை ரேடியோ அமைப்பு) வேலை செய்கிறதா என்று பார்த்து, பயணிகளுக்கு அறிவிப்புக் கொடுத்து, பக்குவமாக இறங்குவார்கள். அந்த ஒரு மணி நேரம் முழுக்க அவர்கள் ஒரு கட்டுப்பாட்டாளரின் திரையில்தான் இருந்தார்கள். உங்கள் பெட்டிச் செய்தி அதை ஏதோ அலட்சியம்போல எழுதியிருக்கிறது.

இனி நான் வெட்டாதீர்கள் என்று கேட்டுக்கொண்ட பகுதி. உங்கள் செய்தியின் கடைசிப் பத்தியில், விளம்பரத்துக்கு மேலே, ஒரு வரி இருந்தது: 'பழுது தெரிந்ததும் விமானி உடனடியாகக் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் தெரிவித்தார்.' தலைப்பாக வந்திருக்க வேண்டிய வரி அது. சிட்னியில் இல்லாமல் போனதும், நான் சொன்ன அந்த மாலையில் இருந்ததும் அந்த ஒன்றுதான்.

காக்பிட்டில் இருப்பவர்களும் பத்திரிகை படிக்கிறார்கள். 'என்னால் முடியவில்லை' என்று ரேடியோவில் சொன்ன ஒருவருக்கு மறுநாள் முதல் பக்கத்தில் 'தத்தளித்த', பெட்டியில் 'ஏன் கிளம்பினார்கள்' என்று கிடைத்தால், அடுத்த முறை இன்னொருவர் திரையில் கோடு மறையும்போது என்ன செய்வார்? ஒரு நிமிடம் பார்ப்போம், தானாக வந்துவிடும் என்று தோன்றும். அணைத்துப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும். இளம் விமானிகள் 'பான்-பான்' என்ற அவசர அழைப்பைச் சொல்லவே கூச்சப்படுவதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னால் எழுத்து வேலை, விசாரணை, இப்போது உங்கள் தலைப்பும். புறப்பாட்டுப் பாதையில் ஒரு நிமிடம் என்பது மூன்று, நான்கு கடல் மைல். அனுமதிக்கப்பட்ட விலகல் ஒன்றுதான் என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

உங்கள் நிருபர் இதைத் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால், கேட்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. போனது எந்தக் கருவி. அதே விமானத்தில் முந்தைய நாட்களில் அதே பழுது பதிவாகியிருந்ததா. அன்று அந்தப் பகுதியில் ஜி.பி.எஸ். இடையூறு பற்றி வேறு விமானங்கள் புகார் சொன்னதா. பக்கத்தில் உள்ள வி.ஓ.ஆர். நிலையம் அன்று வேலை செய்ததா, அல்லது மாதக்கணக்கில் மூடிக் கிடக்கிறதா. இதற்கெல்லாம் பதில் விமான நிறுவனத்திடமும் விமான நிலைய நிர்வாகத்திடமும் இருக்கும், கேட்டால் நெளிவார்கள். அந்த நெளிவை எழுதுங்கள், நானும் ஆர்வமாகப் படிப்பேன்.

விசாரணை அறிக்கை வர எப்படியும் பல மாதம் ஆகும். அதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள். வரும்போது முதல் பக்கம் கேட்கவில்லை. அந்தப் பெட்டிச் செய்திக்குக் கொடுத்த அளவு இடமாவது கொடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்,
தங்கள் நெடுநாள் வாசகர்